‘போனாராம்’: நகைச்சுவைப் படங்களில் கணவனின் பொய்யும் மனைவியின் மறுமொழியும்



இப்பொழிவு வரிசையில் எனக்கு முன் உரையாற்றிய அறிஞர்கள் இலக்கணத்தையும் கல்வெட்டையும் கலைச்சொல்லாக்கத்தையும் பொருளாகக் கொண்டனர். நான் எடுத்துக்கொண்டிருப்பது மனைவியிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் கணவனைப் பற்றிய பழைய நகைச்சுவைப் படங்கள். இது மொழிப் பேரவையில் பேசத்தக்க பொருளா என்று உங்களுள் சிலர் ஐயுறலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலாவதாக வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன் அடியாகப் பிறக்கும் என்றும் வகுத்தார். நகையை இலக்கணத்திற்குள் வைத்தவர் அவராதலின், நான் அவர் பின்னே செல்கிறேன் என்று கொள்ளுங்கள்.

1. திடலில் விரித்த பாய்

நான் பிறந்து வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த ஒரு கித்தாத் தோட்டத்தில். அவ்வூர் இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றுவிட்டது. எங்கள் ஊருக்கு அருகில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் அமைத்தார். அவரே பின்னர் மலாயாவைப் பற்றி ஒரு புதினம் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். செம்பனையின் வரலாறு ஒரு தமிழ்ப் பெயருள்ள தோட்டத்தில் தொடங்குகிறது என்பதை வட சிலாங்கூர்க்காரர்கள் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

1960களின் இறுதியில் எங்கள் தோட்டத்துத் திடலில் அவ்வப்போது படம் காட்டுவார்கள். தகவல் இலாகாவின் வண்டி வந்தால் 1946-இல் தோற்றுவிக்கப்பட்ட மலாயாப் படப்பிரிவின் செய்திப் படங்கள் ஓடும். திருவிழாவை ஒட்டித் தமிழ்ப் படம் ஓடும். இரண்டு கம்புகளுக்கிடையே வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயங்களிலிருந்து பாயும் சாக்கும் எடுத்துக்கொண்டு மக்கள் வருவர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். சிறுவர்களாகிய நாங்கள் நடுவில். கருவி ஒன்றே ஒன்றுதான் என்பதால் ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்டும்வரை திரை வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளியில் திடல் முழுவதும் பேச்சாக இருக்கும்.

அப்படித்தான் நான் ‘கல்யாணப் பரிசு’ பார்த்தேன். ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கி 1959-இல் வெளிவந்த படம் அது. அதில் கே. ஏ. தங்கவேலுவும் எம். சரோஜாவும் கணவன் மனைவியாக நடித்த பகுதியை அறியாத தமிழர் அரியர். வேலையில்லாத கணவன், மன்னார் அண்டு கம்பெனியில் பணிபுரிவதாக மனைவியை நம்பவைக்கிறான். பைரவன் என்னும் எழுத்தாளன் தானே என்றும் சொல்லிக்கொள்கிறான். ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய், அதைக் காக்க வேறொரு பொய் என்று அது வளர்கிறது.

நடுவில் அமர்ந்திருந்ததால் எனக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. இரு பக்கத்துச் சிரிப்பும் என் காதில் தனித்தனியே விழுந்தன; இரண்டும் ஒரே நேரத்தில் எழவில்லை. கணவன் பொய்யை அவிழ்த்துவிடும்போது ஆண்கள் பக்கம் அதிர்ந்தது. மனைவி ஒரு கேள்வி கேட்கும்போது, அதுவும் மிக எளிய கேள்வியாகக் கேட்கும்போது, பெண்கள் பக்கம் அதிர்ந்தது. இதன் பொருளை அன்று நான் அறியேன். அறிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்தத் தாமதத்தைப் பற்றியும் இவ்வுரையின் இறுதியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2. குறும்படத்திலிருந்து கிளைக்கதைக்கு

மனைவியை ஏய்க்கும் கணவன் திரைப்படத்தின் தொடக்க காலத்திலிருந்தே இருந்து வருகிறான். ஒரு சுருள் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும். இரண்டு அல்லது மூன்று சுருளில் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டுமாயின் பார்ப்போர்க்கு விளக்கம் தேவைப்படாத ஒரு நிலைமை வேண்டும். கணவன் வெளியே போக விரும்புகிறான், மனைவி விடமாட்டாள் என்பது அத்தகைய நிலைமை. எந்த நாட்டிலும் அதற்கு முன்கதை தேவையில்லை.

1930-இல் வெளிவந்த ‘பிளாட்டோ’ என்னும் லாரல்–ஹார்டி குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பிலிருந்தது. மனைவி ஒளித்துவைத்திருக்கும் ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு நண்பனோடு இரவு விடுதிக்குச் செல்ல லாரல் திட்டமிடுகிறார். அவசர வேலை என்று காட்டப் போலித் தந்தி ஒன்றை உண்டாக்குகிறார். தொலைபேசியில் அவர்கள் பேசியதை மனைவி முன்னமே கேட்டுவிட்டாள். புட்டியிலிருந்த மதுவைக் கொட்டிவிட்டு ஆறிய தேநீரை ஊற்றி, காரமான பொருள்களையும் கலந்து வைத்துவிடுகிறாள். இருவரும் விடுதியில் அமர்ந்து தேநீரைக் குடித்துப் போதையேறிச் சிரிக்கிறார்கள். மனைவி எதிரே வந்து அமர்ந்து, நீங்கள் குடித்தது தேநீர் என்று சொன்ன நொடியில் போதை இறங்கிவிடுகிறது. ஏய்த்தவர் ஏமாந்தவர் ஆகிறார். தொடக்கத்திலிருந்தே உண்மையை அறிந்திருந்தவள் மனைவி ஒருத்திதான்.

மொழியியலாளர்க்கு இப்படத்தில் மற்றொரு சுவையும் உண்டு. பின்னணிக் குரல் சேர்க்கும் முறை நிலைபெறாத காலம் அது. ஆதலால் இதே படத்தை ஸ்பானிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் தனித்தனியே மீண்டும் எடுத்தார்கள். லாரலும் ஹார்டியும் தமக்குத் தெரியாத மொழியின் ஒலிகளைப் பலகையில் எழுதிவைத்துப் பார்த்துப் பேசினர். மனைவியாக நடிக்க மட்டும் அந்தந்த மொழிக்கு வேறு நடிகையை அமர்த்தினர். கணவனின் பொய்யை மொழி தெரியாமலும் சொல்லிவிட முடிந்தது. மனைவியின் மறுமொழிக்கு அம்மொழியையே பேசத் தெரிந்தவள் தேவைப்பட்டாள். இது படநிறுவனம் வசதி கருதிச் செய்த ஏற்பாடே. எனினும் என் கட்டுரையின் கருத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

1933-இல் அவ்விருவரும் நடித்த ‘சன்ஸ் ஆஃப் த டெசர்ட்’ முழுநீளப் படம். அதன் வேர் அவர்களுடைய பழைய குறும்படங்களில் இருக்கிறது. உடல்நலத்திற்காக ஹொனலூலு செல்வதாகச் சொல்லிவிட்டுக் கணவர்கள் சிகாகோவில் ஒரு சங்கத்தின் ஊர்வலத்திற்குப் போகிறார்கள். மனைவியர் திரையரங்கிற்குச் செல்ல, அங்கே ஓடும் செய்திப் படத்தில் கணவர்கள் ஊர்வலத்தில் ஆடிக்கொண்டு வருகிறார்கள். பொய்யைக் காட்டிக்கொடுப்பது திரையே. இறுதியில் உண்மையை ஒப்புக்கொண்ட லாரல் தப்பிக்கிறார். பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹார்டியை நோக்கிச் சமையலறைப் பாத்திரங்கள் பறக்கின்றன.

தமிழிலும் குறும் நகைச்சுவைப் படங்கள் உண்டு. 1939-இல் வந்த ‘சிரிக்காதே’ அத்தகைய சிறுபடங்கள் சிலவற்றை ஒரே காட்சியாகத் தொகுத்து அளித்தது. எனினும் நம்மிடையே குறும்படம் தனித்து வளரவில்லை. பெரும்படத்தின் வயிற்றுக்குள் நகைச்சுவைக் கிளைக்கதையாகப் புகுந்து வாழ்ந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதற்கு வழியமைத்தார். அவரும் டி. ஏ. மதுரமும் வாழ்விலும் கணவன் மனைவி. தங்கவேலுவும் சரோஜாவும் அவ்வாறே வாழ்விலும் இணைந்தனர். திரையில் நடந்த ஊடலை மக்கள் ஓரளவு உண்மையாகவே பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலாய்ப் படங்களையும் நம் மக்கள் விரும்பிப் பார்த்தனர். பி. ரம்லி இயக்கி நடித்து 1964-இல் வெளிவந்த ‘மடு தீகா’வில் ஒருவன் மூன்று மனைவியரை மணந்து, ஒருத்தியைப் பற்றி மற்றவர் அறியாதவாறு ஓடி ஓடிக் களைக்கிறான். இறுதியில் மூவரும் தோழியராகிவிடுகிறார்கள். மலாயில் ‘மடு’ என்பது தேனையும் குறிக்கும், சக்களத்தியையும் குறிக்கும். தேனைக் குறிக்கும் அச்சொல்லும் நம் ‘மது’வும் வடமொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. வட சிலாங்கூர்த் தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் கணவன் மறைக்கக்கூடியவை எவை என்று கேட்டால், இந்த ஒலியுடைய இரண்டு சொற்களிலும் அவளுக்கு விடை கிடைத்துவிடும்.

3. மருதக்கலியின் கணவன்

இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு அயலானவை என்று சொல்வாரும் உளர். அவர்களைக் கலித்தொகையின் மருதக்கலிப் பகுதிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மருதனிளநாகனார் பாடிய 35 பாடல்கள் அதில் உள்ளன. பரத்தையிடம் சென்று திரும்பும் தலைவன் வாயிலில் நின்று சாக்குச் சொல்வதும், தலைவி அதை உடைப்பதும் அவற்றுள் பலவற்றின் கதை.

ஒரு பாடலில் அவன் கடவுளரைக் கண்டுவருவதாகச் சொல்கிறான். இன்னொன்றில் குறும்பூழ்ப் போர் பார்த்ததாகச் சொல்கிறான். மற்றொன்றில் குதிரை ஏறியதாகவும், வேறொன்றில் யானையைக் கண்டதாகவும், பிறிதொன்றில் வையையின் புதுப்புனலில் ஆடியதாகவும் சொல்கிறான். தலைவி அவனை நேரே பொய்யன் என்று சொல்லிவிட்டுக் கதவை அடைப்பதில்லை. அவன் சொன்ன சொல்லையே எடுத்துக்கொள்கிறாள். எந்தக் கடவுள் என்று கேட்கிறாள். நீ ஏறிய குதிரையை நானும் அறிவேன் என்று சொல்லி, அக்குதிரையின் அணிகளை ஒவ்வொன்றாக வருணிக்கிறாள். கேட்கக் கேட்க அது குதிரையன்று, ஒப்பனை செய்த ஒரு பெண் என்பது நமக்கும் அவனுக்கும் புலனாகிறது. பொய்யைக் கொண்டே பொய்யை அவிழ்ப்பது அவள் முறை. திடலில் பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு இங்கே இருக்கிறது.

மறுபுறம் வள்ளுவர் புலவி நுணுக்கத்தில் ஒரு கணவனைக் காட்டுகிறார். அவன் குற்றமற்றவன். தும்மினாலும் உன்னை நினைத்தவள் யார் என்று மனைவி அழுகிறாள். தும்மலை அடக்கினாலும் யார் நினைப்பதை மறைக்கிறாய் என்று அழுகிறாள். பொய்யன் மெய்யனாக நடிப்பதும் நகை, மெய்யன் பொய்யனாகக் கொள்ளப்படுவதும் நகை என்று நம் முன்னோர் இரு முனையையும் தொட்டுவிட்டனர்.

தொல்காப்பியர் சொன்ன நான்கனுள் மடன் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பேதைமை அறிவின்மை. மடன் அதுவன்று. பிறர் அறிவித்ததை ஏற்றுக்கொண்டு அதை விடாது பற்றி நிற்றல் என்பது உரைமரபு. படத்தில் மனைவி கணவனின் கதையை ஏற்று நிற்பதைப் பேதைமை என்று ஆண்கள் எண்ணிச் சிரித்தனர். பெண்கள் அதை மடன் என்று கண்டனர். எவ்வளவு நேரம் பற்றி நிற்பது, எப்போது விடுவது என்பது அவள் கையில் இருக்கிறது.

4. ‘ஆம்’ என்னும் இடைச்சொல்

இனி என் துறைக்குள் வருகிறேன். வட சிலாங்கூர்த் தோட்டத்துப் பேச்சுத் தமிழில் மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை. அழைக்கும்போது ‘ஏங்க’, ‘இந்தாங்க’. பிறரிடம் சொல்லும்போது ‘அவரு’, ‘எங்க வீட்டுக்காரரு’, அல்லது பிள்ளையின் பெயரோடு ‘அப்பா’. வினைமுற்றும் ‘போனாரு, வந்தாரு’ என்று உயர்வுப்பன்மையிலேயே முடியும். இந்த மரியாதையை அவள் கோபத்திலும் எளிதில் கைவிடமாட்டாள்.

அப்படியானால் அவள் ஐயத்தை எங்கே வைப்பாள்? வினைமுற்றுக்குப் பின்னே வரும் ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லில் வைக்கிறாள். ‘வேலைக்குப் போனாரு’ என்றால் அவள் அறிந்த செய்தி. ‘வேலைக்குப் போனாராம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்ட செய்தி. பள்ளி இலக்கணம் இத்தோடு நின்றுவிடும். ஆனால் சொன்னவர் கணவரே, அவரும் அதே திண்ணையில் அமர்ந்திருக்கிறார், அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் ‘மழையாம், வழியிலே ஒதுங்கினாராம், அதான் நேரமாயிருச்சாம்’ என்கிறாள் என்று வையுங்கள். இங்கே ‘ஆம்’ மூன்று வேலை செய்கிறது. இது என் கூற்றன்று என்று பொறுப்பைத் துறக்கிறது. இது யாருடைய கூற்று என்று சுட்டுகிறது. அக்கூற்றை எள்ளுகிறது. மரியாதை வினைமுற்றில் அப்படியே நிற்கிறது. எள்ளல் அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர்ச்சொல்லோடும் இது சேரும். ‘கம்பெனியாம், மேனேசராம்!’ என்று எங்கள் லயத்தில் ஒருத்தி சொன்னால் அது முழு வாக்கியம். எதிரொலிச் சொல்லும் உடன் வரும்: ‘கம்பெனியாவது கிம்பெனியாவது’. ‘மன்னார் அண்டு கம்பெனி’ என்ற தொடரே இல்லாத நிறுவனத்திற்கும் பொல்லாத வேலைக்கும் பெயராக வழக்கில் நிலைத்துவிட்டது. படத்தைப் பார்த்திராத இளைஞர்களும் அதைப் பயன்படுத்தக் கேட்டிருக்கிறேன். ஒரு நகைச்சுவைப் பகுதி மொழிக்கு ஒரு மரபுத்தொடரை அளித்திருக்கிறது என்றால் மொழியாய்வாளர் அதைப் புறந்தள்ள இயலாது.

மற்றொரு முறையும் உண்டு. அவள் கணவனை நேரே கேட்பதில்லை. மடியிலிருக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘உங்கப்பாவைக் கேளுடா, எங்க போனாராம்னு’ என்பாள். பிள்ளைக்கு இரண்டு வயது கூட ஆகியிருக்காது. அகப்பாடல்களில் புதல்வனும் வாயில்களுள் ஒருவன். மருதக்கலித் தலைவியும் தந்தை கேட்குமாறு மகனிடம் பேசுகிறாள். நூல்களைக் கண்ணால் கண்டிராத பால்வெட்டுக்காரப் பெண்கள் அந்த வாயிலை ஒவ்வொரு மாலையும் பயன்படுத்தினார்கள்.

5. சம்பள நாள்

இதுவரை சிரிப்பைப் பற்றிப் பேசினேன். சிரிப்புக்கு அடியில் இருந்ததையும் சொல்லாவிட்டால் நானும் மன்னார் அண்டு கம்பெனிக்காரன் ஆகிவிடுவேன்.

படத்து மனைவி வீட்டில் இருப்பவள். கணவனின் அலுவலகத்தை அவள் பார்த்ததில்லை. ஆகவே இல்லாத அலுவலகத்தை அவனால் உண்டாக்க முடிந்தது. எங்கள் தோட்டத்தில் அப்பொய்க்கு இடமில்லை. விடியுமுன் பெரட்டில் கணவனும் மனைவியும் ஒரே களத்தில் நின்றார்கள். ஒரே கிராணி இருவர் பெயரையும் செக்ரோலில் ஏற்றினார். எத்தனை நாள் பெயர் விழுந்தது, எவ்வளவு பால் நிறுத்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வேலையைப் பற்றிப் பொய் சொல்லத் தோட்டத்துக் கணவனுக்கு வசதியில்லை. அவன் பொய் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். கடைக்காரர் பழைய பாக்கியைப் பிடித்துக்கொண்டார், நண்பனுக்கு அவசரம், வழியில் தொலைந்துபோயிற்று. பெரும்பாலும் அது கள்ளுக்கடையில் தொலைந்திருக்கும்.

கள்ளுக்கடை தனிமனிதனின் பலவீனம் மட்டுமன்று. தோட்டத்து அமைப்பின் ஒரு பகுதியாகவே அது வைக்கப்பட்டிருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஊதிய உயர்வோடும் பள்ளிக்கூடத்தோடும் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். அரிசியாக வீட்டுக்கு வரவேண்டிய காசு எங்கே போகிறது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

சம்பள நாளன்று மாலை, இடுப்பில் பிள்ளையோடு கள்ளுக்கடைப் பாதையின் முனையில் நிற்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். உள்ளே போய் இழுத்துவரமாட்டார்கள். நிற்பார்கள், அவ்வளவே. வீட்டுக்கு வந்த பிறகு நேரே கேள்வி கேட்டவள் அடிபட்டதும் உண்டு. லயத்தின் பலகைச் சுவர் வழியே அந்த ஒலி பக்கத்து வீட்டுக்கும் எட்டும். திரையில் பாத்திரம் பறப்பது கணவனை நோக்கி. லயத்தில் எப்போதும் அப்படியில்லை.

இப்போது ‘ஆம்’ என்ற இடைச்சொல்லை மீண்டும் பாருங்கள். ‘நீங்க பொய் சொல்றீங்க’ என்று சொன்னால் அடி விழக்கூடும். ‘பாக்கியைப் பிடிச்சுக்கிட்டாராம்’ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னால் அதில் குற்றம் காண முடியாது. அவர் சொன்னதைத்தானே சொன்னேன் என்று அவள் சொல்லிவிடலாம். கேட்டவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது என்பது கணவனுக்கும் விளங்கிவிடும். கேட்காமலே கேட்பதற்கு மொழி அவளுக்குத் தந்த இடம் அது. நானும் இதை நெடுங்காலம் எள்ளல் என்று மட்டுமே குறித்துவந்தேன். இப்போது அதைப் பாதுகாப்பு என்றும் குறிக்கிறேன்.

‘கல்யாணப் பரிசு’ படத்தின் அமைப்பையும் இந்நோக்கில் பார்க்கலாம். தங்கவேலு–சரோஜா பகுதி கிளைக்கதை. மூலக்கதையில் பாஸ்கர், தான் முன்பு காதலித்தது மனைவி கீதாவின் தங்கை வசந்தியையே என்பதை மனைவியிடம் மறைத்து வாழ்கிறான். அதுவும் கணவன் மனைவியிடம் மறைக்கும் கதைதான். அங்கே யாரும் சிரிப்பதில்லை. ஒரே பொருளைச் சிரிப்பாகவும் அழுகையாகவும் ஒரே படத்தில் வைத்திருக்கிறார் ஸ்ரீதர். கிளைக்கதையில் மனைவிக்குக் கேள்வி கேட்க இடமிருக்கிறது. மூலக்கதையில் உண்மை வெளிப்படும் வரை அவளுக்குக் கேட்பதற்கே ஒன்றும் தெரியாது. பெண்கள் பக்கம் ஒன்றில் சிரித்ததும் மற்றொன்றில் முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

6. நாடாவில் இல்லாதது

1980களில் முனைவர் பட்ட ஆய்வுக்காக இத்தோட்டங்களுக்குத் திரும்பி வந்தேன். கையில் ஒலிப்பதிவுக் கருவி. மெய்யொலிகளின் மாற்றமும் கடன்சொற்களும் என் ஆய்வுப்பொருள். புக்கிட் ரோத்தானை அடுத்த ஒரு தோட்டத்தில் அறுபது வயது கடந்த ஓர் அம்மையார் எனக்குப் பல மணி நேரம் பேசித் தந்தார். சொற்பட்டியல் முடிந்த பின், பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்க, அவர் தாமாகவே ‘கல்யாணப் பரிசு’ நகைச்சுவைப் பகுதியைச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் இன்னொரு பெண்மணி அமர்ந்து ‘ம்’ கொட்டினார்.

அவர் சொன்ன கதை படத்தில் உள்ள கதையன்று. அவர் கதையில் மனைவிக்கு முதல் நாளே தெரியும். கணவன் காலையில் கம்பெனிக்குப் புறப்படும்போது அவள் சோற்றைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அவன் எந்த மரத்தடியில் படுத்திருக்கிறான் என்பதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் பார்த்துவிடுகிறாள். மாலையில் வந்தவனிடம் இன்றைக்குக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் ‘பிளாட்டோ’வைப் பார்த்திருக்க வழியில்லை. அந்த அமெரிக்க மனைவி தேநீர் ஊற்றியதைப் போல இவர் கதையின் மனைவி சோறு கட்டினாள். எத்தனை ‘ஆம்’, எத்தனை குரல் வேறுபாடு! இருவரும் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன்.

என் ஆய்வுக்கு அது தேவைப்படவில்லை. நாடா விலையுயர்ந்தது. விடுதிக்குத் திரும்பிய இரவே அதன் மேல் மறுநாளைய சொற்பட்டியலைப் பதிவு செய்தேன். இன்று அச்சொற்பட்டியல் என்னிடம் இருக்கிறது. கித்தா, பெரட்டு, கிராணி, ஒட்டுப்பால் என்று அழகாக நிரல்பட இருக்கிறது. அதிலுள்ள சொற்களில் பெரும்பாலானவற்றை வேறு இடங்களிலிருந்தும் திரட்டிவிடலாம். அழித்ததைத் திரட்ட முடியாது. அந்த அம்மையார் இன்றில்லை. அந்தத் தோட்டமும் இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டது.

ஒரு சொல் அவருடையது நினைவில் நிற்கிறது. விடைபெறும்போது, ‘தம்பி, நீங்க ஆம்பளை. உங்களுக்குப் பாதிதான் கேக்கும்’ என்றார். திடலின் நடுவில் அமர்ந்து இரு பக்கமும் கேட்டவன் நான் என்று உள்ளுக்குள் மறுத்துக்கொண்டேன். அவர் சொன்னதே சரி.

ஆகவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். தோட்டப்புறத் தமிழைத் திரட்டும் பணி பல இடங்களில் நடக்கிறது. தாலாட்டையும் ஒப்பாரியையும் பழமொழியையும் கேட்கிறோம். அவற்றோடு, பார்த்த படத்தைச் சொல்லுங்கள் என்றும் முதியவர்களைக் கேட்க வேண்டும். தனியே ஒருவரை அமர்த்தாமல், பழகிய இருவரைச் சேர்த்து அமர்த்துங்கள். பெண்கள் பேசும்போது பெண்களே பதிவு செய்யட்டும். வீட்டு ஆண்கள் சற்று வெளியே உலவி வரட்டும். யார் உடனிருக்கையில் சொல்லப்பட்டது என்பதையும் குறித்துவையுங்கள். கணவர் வீட்டில் இருக்கும்போது சொன்ன ‘போனாராம்’ வேறு, அவர் இல்லாதபோது சொன்ன ‘போனாராம்’ வேறு. எழுபது, எண்பது வயதான அத்தாய்மார்கள் இன்று ஈஜோக்கிலும் ரவாங்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் மலிவுவிலை வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் கைப்பேசி ஒன்றே இப்பணிக்குப் போதும். நாடாவின் விலையைக் காரணம் காட்ட இனி எவராலும் இயலாது. ஆசிரியர்கள் இதை ஒரு விடுமுறைப் பணியாக மாணவியர்க்குத் தரலாம்.

நேரம் எல்லையைத் தொட்டுவிட்டது. ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். இன்று புறப்படும்போது எங்கே போகிறேன், எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை என் துணைவியாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில், அவர் வேலிக்கு அப்பாலிருந்த அண்டை வீட்டம்மையாரிடம், ‘சொற்பொழிவாம்’ என்றார். நாற்பதாண்டுக் காலம் மொழியியல் பயின்றும், அந்த ‘ஆம்’ கேட்ட செய்தியைக் குறித்ததா, எள்ளலைக் குறித்ததா என்று என்னால் அறுதியிட இயலவில்லை.